புல்லுக்குக் கலப்பை வேண்டாம்

தமிழ்நாட்டில் உழவைக் குறைத்துப் பேசிவிட்டு ஊருக்குள் நடமாடுவது சுலபமான காரியம் அன்று. திருவள்ளுவர் உழவுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கி வைத்திருக்கிறார். 'அகல உழுவதிலும் ஆழ உழு' என்று நம் பாட்டன்மார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆகையால் இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சற்று அடக்கமாகவே தொடங்குகிறோம். உழுது பயிரிட வேண்டிய நிலம் அநேகம் உண்டு. உழாமல் காக்க வேண்டிய நிலமும் ஒன்று உண்டு. அதுதான் பழைய புல் நிலம்.

வேப்பூர் கூட்டுரோட்டைச் சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் வண்டியின் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த ஊரின் உண்மையான செல்வம் கண்ணில் படுவதில்லை. வெள்ளிக்கிழமையன்று விடிவதற்கு முன்னால் வந்து இங்கே கூடும் ஆட்டுச் சந்தையைப் பார்க்க வேண்டும். தீபாவளியோ பக்ரீத்தோ நெருங்கிவிட்டால் சந்தையில் கால் வைக்க இடம் இராது. பீங்கான் தொழிலுக்கு விருத்தாசலம் பெயர் பெற்றது போல, ஆட்டுக்கு வேப்பூர் பெயர் பெற்றது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிற நமக்கு இந்தச் சந்தையினுடைய பொருளாதாரம் வேறொரு வழியாகத் தெரிய வருகிறது. வெள்ளிக்கிழமை ஓர் ஆடு நல்ல விலைக்குப் போனால், திங்கட்கிழமை ஒரு பையனுடைய தோளில் புதுப் பை தொங்குகிறது.

அந்த ஆடு எதைத் தின்று வளர்ந்தது? கடையில் வாங்கிய தீவனத்தை அன்று. ஏரிக்கரையிலும், மேய்ச்சல் புறம்போக்கிலும், உழாமல் கிடக்கும் கொல்லையிலும் தானாக முளைத்த புல்லைத் தின்று வளர்ந்தது. ஆறு ஆடு வைத்திருக்கும் ஏழைத் தாய்க்கு அந்தப் புல்லே மூலதனம். அவள் பெயரில் பட்டா இராது. பாங்கியில் பணம் இராது. புல் இருக்கிற வரையில் அவளுக்குக் கௌரவமான ஜீவனம் இருக்கிறது. புல் போய்விட்டால் ஆட்டை விற்க வேண்டியதுதான்; ஆடு போய்விட்டால் அடுத்தபடியாகப் பிள்ளையின் படிப்பு நிற்கும்.

இன்று அந்தப் புல் நிலங்களின் நிலைமை என்ன? பாதி இடம் வழுக்கைத் தலை போலக் கிடக்கிறது. மிச்சத்தில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நடுநடுவே அருகும் கோரையும் ஊசிப் புல்லும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதைப் பார்த்து மனம் பொறுக்காத உற்சாகிகள் உடனே சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "ஒரு டிராக்டரைக் கொண்டுவந்து அடியோடு புரட்டிவிட்டு, நல்ல தீவனப் புல்லாக விதைத்துவிட்டால் என்ன?" கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால், அந்த ஒரு நாள் வேலையில் அழிந்துபோவது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்ணுக்குள் இருக்கும் சேமிப்பு

பல வருஷங்களாகக் கலப்பை படாத நிலத்தின் மேற்புறத்தைப் பார்த்து அதை மதிப்பிடக் கூடாது. புல்லின் உடம்பில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. தலைமயிர் போன்ற அதன் வேர்கள் மண்துகள்களைக் கொத்துக் கொத்தாகப் பிணைத்து வைத்திருக்கின்றன. செத்துப்போன வேர் இருந்த இடத்தில் மெல்லிய குழாய் போன்ற வழி உண்டாகிறது. மழை நீர் அந்த வழியாகக் கீழே இறங்குகிறது. மண்புழுவும் கறையானும் எறும்பும் இந்த வேலையை இரவும் பகலும் கூலியின்றிச் செய்துகொண்டிருக்கின்றன. மனிதன் கலப்பையைக் கண்டுபிடிப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே மண்புழு நிலத்தை உழுது வருகிறது என்ற உண்மையை, சார்லஸ் டார்வின் 1881-இல் வெளியிட்ட தமது நூலில் விஸ்தாரமாக எடுத்துக் காட்டினார்.

இத்தகைய நிலத்தை அடியோடு புரட்டினால் நாலு விதமான நஷ்டம் உண்டாகிறது. முதலாவது, தப்பிப் பிழைத்திருக்கும் பழைய புல்லின் தூர்கள் வெயிலில் காய்ந்து சாகின்றன. இரண்டாவது, மண்ணின் ஈரம் ஆவியாகிப் போகிறது. நல்ல மழை தவறிவிட்டால் புது விதை முளைக்கவும் முடியாமல், பழைய வேர் தழைக்கவும் முடியாமல் நிலம் வெறுமையாகிறது. மூன்றாவது, அடுத்து வரும் ஐப்பசி அடைமழை மேல்மண்ணைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகிறது. நாலாவதுதான் மிகவும் பொல்லாதது. ஆழத்தில் வெளிச்சம் படாமல் உறங்கிக்கொண்டிருந்த களை விதைகளை நாமே மேலே கொண்டுவந்து எழுப்பிவிடுகிறோம். 1950-களில் புனாப் பக்கத்தில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட பார்த்தீனியச் செடி, நம் நாடு முழுவதும் பரவியதற்குப் புரட்டிப் போட்ட வெற்று நிலங்கள் பேருதவி செய்திருக்கின்றன. கிளறிய மண்ணில் முதலில் வந்து உட்காருவது நாம் விதைத்த பயிர் என்று எண்ணக் கூடாது, முந்திக்கொள்வது களைதான்.

இதே பிழையைத் தேசம் முழுவதுமே செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு பெரிய திருஷ்டாந்தம் இருக்கிறது. அமெரிக்காவின் நடுப்பகுதியில் எண்ணற்ற வருஷங்களாக இருந்து வந்த புல்வெளிகளை, கோதுமை விலைக்கு ஆசைப்பட்டு இயந்திரக் கலப்பைகளால் உழுது தள்ளினார்கள். 1930-களில் மழை தவறியது. மண்ணைப் பிடித்து நிறுத்தப் புல்லின் வேர் இல்லை. 1935-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி எழுந்த புழுதிப் புயல் பட்டப்பகலை இருட்டாக்கிவிட்டது. அந்த நாளை இன்றும் அங்கே 'கறுப்பு ஞாயிறு' என்று நினைவுகூருகிறார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. பிறகு சர்க்காரே பாழ்பட்ட நிலங்களை விலைக்கு வாங்கி மறுபடியும் புல் விதைக்க நேர்ந்தது. கான்ஸாஸ் மாகாணத்திலுள்ள சிமரான் தேசியப் புல்வெளி அப்படி மீட்கப்பட்ட நிலமே. ஒரு சில வருஷங்களில் உழுது அழித்ததைத் திரும்பப் பெறப் பல பத்தாண்டுகள் ஆயின.

கொங்கு நாட்டுப் பாடம்

நல்ல வேளையாக, புல்லைப் பயிராக மதித்துப் போற்றும் பாடத்தைக் கற்றுக்கொள்ள நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி ஆகிய பக்கங்களில் 'கொரங்காடு' என்று ஒரு வகை நிலம் உண்டு. மழை குறைவான அந்தப் பிரதேசத்தில், நெல்லுக்கும் கரும்புக்கும் ஆசைப்படாமல், குடியானவர்கள் தங்கள் சொந்தப் பட்டா நிலத்தையே புல்லுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள். உலகப் பிரசித்தி பெற்ற காங்கயம் மாடு இந்தக் கொரங்காட்டுப் புல்லில் வளர்ந்ததுதான்.

கொரங்காட்டின் அமைப்பு மிகவும் அழகானது. சுற்றிலும் முள்ளுக் கிளுவையால் ஆன உயிர்வேலி. உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். அதனோடு நரிப்பயறு முதலிய சிறு பயற்றினங்கள். கிளுவை வேலி வேலியாகவும் நிற்கும். ஆட்டுக்குத் தழையும் தரும். வெள்வேலம் கோடையில் நிழல் கொடுப்பதோடு, புல் காய்ந்துபோன நாட்களில் தன் காய்களையும் உதிர்த்து மந்தையின் பசி தீர்க்கும். பயற்றினங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்துப் புல்லுக்கு உரமிடும். காட்டைப் பல தடுப்புகளாகப் பிரித்து, ஒரு தடுப்பில் மேய்ந்த பின் அடுத்ததைத் திறப்பார்கள். மேய்ந்து முடிந்த தடுப்பு ஓய்வெடுத்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான். அந்தப் புல்லைக் காப்பாற்றுவது டிராக்டரும் அன்று, உரமூட்டையும் அன்று, வேலியும் ஓய்வுமே. குட்டப்பாளையத்தில் இயங்கும் சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி மையம் காங்கயம் இனத்தையும் கொரங்காட்டையும் சேர்த்தே காக்க வேண்டும் என்று சொல்லி வருவதன் தாத்பரியமும் அதுவே. மாடும் புல்லும் ஒன்றை விட்டு ஒன்று பிழைக்க மாட்டா.

விதைக்கும் முறை

இனி, நம் பக்கத்துப் பழைய புல் நிலத்துக்குச் செய்ய வேண்டிய காரியங்களைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் வேலை விதைப்பதன்று, எண்ணுவது. மழைக்குப் பத்து நாள் கழித்து நிலத்தின் குறுக்கே நேராக நடந்து போக வேண்டும். நாலு குச்சியைச் சதுரமாகக் கட்டிய ஒரு கெஜச் சட்டத்தைப் பத்து அடிக்கு ஒரு தரம் கீழே வைத்து, அதற்குள் உயிருள்ள புல் தூர் எத்தனை, வெற்றுத் தரை எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த கணக்குப் பாடம் கிடையாது. பெரும்பாலான சட்டங்களில் நல்ல புல் தூர் அகப்பட்டால் அந்த நிலத்துக்கு விதையே வேண்டாம். ஒரு பருவம் ஆட்டை உள்ளே விடாமலிருந்தால் போதும். திட்டுத் திட்டாக வெறுமையாக இருந்தால் அந்தத் திட்டுக்களில் மட்டும் விதைக்க வேண்டும். செழித்து நிற்கும் புல்லுக்கு நடுவே விதையைத் தூவுவது வீண் செலவு. பழைய புல், முளைத்து வரும் குழந்தைப் புல்லை வெயிலும் நீரும் கிடைக்காமல் அமுக்கிவிடும்.

இரண்டாவது, சீமைக் கருவேலத்தைக் களைய வேண்டும். 1877-வாக்கில் சென்னை ராஜதானியின் கடப்பைப் பக்கத்தில் விறகுக்காகக் கொண்டுவந்து நடப்பட்ட இந்த விருந்தாளி, வீட்டுக்காரரையே வெளியேற்றிவிட்டது. 2022-இல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டதற்கு இதுவே முக்கிய காரணம். தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி அதை எடுத்துவிட வேண்டும். இதற்காக நிலம் முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. மரம் இருந்த இடத்தில் ஒரு குழி போதும். அந்தக் குழியை மூடும்போதே அதன் மேல் புல் விதையைத் தூவிவிட்டால் குழியே நாற்றங்கால் ஆகிவிடும்.

மூன்றாவது, விதை. நம் நாட்டுக் கொழுக்கட்டைப் புல்லே மானாவாரி நிலத்துக்கு மிகவும் உகந்தது. வறட்சியைத் தாங்கும், மழை வந்தால் உடனே தழைக்கும், மந்தையின் கால் மிதிக்கும் அஞ்சாது. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் நீலக் கொழுக்கட்டைப் புல்லில் 'கோ 1' என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அன்று பறித்த கொழுக்கட்டை விதை அன்றே முளைக்காது. அதற்கு உறக்க காலம் ஒன்று இருக்கிறது. சேகரித்து ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை உலர்ந்த இடத்தில் வைத்திருந்த விதையே நன்றாக முளைக்கும். இதை அறியாமல் புது விதையைத் தூவி ஏமாந்து, "இந்த மண்ணில் புல் வராது" என்று மண்ணின் மேல் பழி போடுகிறவர்கள் உண்டு. நிலம் முழுவதும் விதைப்பதானால் ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும். திட்டுக்களுக்கு அதைவிடக் குறைவு.

புல்லோடு ஒரு பயற்றினமும் வேண்டும். நரிப்பயறு, சங்குபுஷ்பம், முயல் மசால் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் சரி. முயல் மசால் விதைக்குத் தோல் கடினம். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரில் சில நிமிஷம் போட்டு எடுத்து, ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊற வைத்தால் தோல் இளகி முளைக்கும்.

நாலாவது, விதைப்பு. இங்கேதான் பெரியவர்கள் நம்மை மடக்குகிறார்கள். "ஏன் சார், உழாத தரையிலே விதையைப் போட்டால் எறும்பும் குருவியும்தானே தின்னும்?" என்று நம் ஊர்க் குடியானவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. "பெரியவரே, தரையை உழ வேண்டாம், கீறினால் போதும்" என்பதே அதற்கு நாம் சொன்ன பதில். கேழ்வரகு தெளித்த பிறகு முட்கிளைகளைக் கட்டி இழுத்து விதையை மூடும் வழக்கம் நம் குடியானவர்களுக்குப் புதிதன்று. அதே முட்கிளையை வெற்றுத் திட்டின் மேல் ஒரு முறை இழுத்து, விதையைத் தூவி, மறுபடியும் ஒரு முறை இழுத்தால் வேலை முடிந்தது. விதை ஒரு விரற்கடைக்கு மேல் ஆழம் போகக் கூடாது. சின்ன விதையை ஆழத்தில் புதைப்பது குழந்தையின் தலையில் மூட்டையை ஏற்றுவதற்குச் சமானம்.

கொழுக்கட்டை விதை பஞ்சு போன்றது, காற்றில் பறக்கும். அதற்கும் வழி இருக்கிறது. களிமண், மக்கின சாணம், மணல் மூன்றையும் பிசைந்து அதில் விதையைக் கலந்து சிறு உருண்டைகளாக உருட்டி நிழலில் உலர்த்திக்கொள்ளலாம். உருண்டைக்குள் இருக்கும் விதையைக் குருவி கொத்தாது; எறும்பு இழுக்காது; நல்ல மழை பெய்து களி கரைந்தால்தான் விதை கண் விழிக்கும். 1959 முதல் ஜோத்பூரில் இயங்கி வரும் மத்திய வறண்ட பிரதேச ஆராய்ச்சி நிலையத்தார் ராஜஸ்தானத்து மேய்ச்சல் நிலங்களுக்கு இத்தகைய விதை உருண்டைகளைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். ஜப்பானில் உழாமலே பயிர் செய்து காட்டி 1988-இல் மகசேசே பரிசு பெற்ற மசானபு ஃபுகுவோகாவும் களிமண் விதை உருண்டையையே கையாண்டார். களிமண்ணைக் குழைத்துப் பீங்கான் செய்து பிழைக்கும் விருத்தாசலம் வட்டாரத்தாருக்கு, களிமண்ணை உருட்ட யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை அல்லவா?

தரை கல்லைப் போல் இறுகி, ஒரு தூர் புல்லும் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்வது? அப்போது மட்டும் நாட்டுக் கலப்பையைக் கொண்டுவரலாம். அதுவும் நிலம் முழுவதையும் உழுவதற்கன்று. சரிவுக்குக் குறுக்கே, மூன்று அடிக்கு ஒரு சாலாகக் கீறி, அந்தச் சாலில் மாத்திரம் விதைக்க வேண்டும். சாலில் மழை நீர் தங்கும். இடையிலுள்ள தரை கலையாமல் நிற்கும். முளைத்த புல் விதை உதிர்த்து இடைவெளியைத் தானே மூடிக்கொள்ளும்.

ஐந்தாவது, கிடை. ஆட்டுக் கிடைக்கு நிகரான எரு வண்டி வேறு இல்லை. விதைப்பதற்கு முன்னால் சில இரவுகள் அங்கே கிடை போட்டால் புழுக்கையும் சிறுநீரும் உரமாகும்; குளம்புகள் இறுகின தரையை மேலாகக் கொத்திக் கொடுக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த ஆடுகள் சீமைக் கருவேலங் காயைத் தின்றிருக்கக் கூடாது. அந்த விதை வயிற்றில் சாகாமல் புழுக்கையோடு வெளிவந்து முளைக்கும். ஆகவே கிடை போடுவதற்கு முன் ஒரு வாரமாவது ஆடுகளை வேறு தீனியில் வைத்திருப்பது உத்தமம்.

பட்டம் எது என்று கேட்கலாம். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதே இதற்கும் பொருந்தும். ஆடி மழை ஏமாற்றினால் புரட்டாசியில் விதைக்கலாம். தொடர்ந்து மழை வரும் என்று தெரிகிற வேளையில் விதைப்பதே முக்கியம். ஒரு தூறலை நம்பி விதைத்தால் முளைத்தது கருகிவிடும்.

பூட்டும் சாவியும்

இவ்வளவும் சுலபம். கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. விதைத்த நிலத்தில் முதல் வருஷம் மந்தையை விடக் கூடாது. முளைத்து வரும் புல்லுக்கு வேர் ஆழ ஓடுவதற்கு முன் ஆடு வாய் வைத்தால், இலையைக் கடிக்காமல் செடியையே பிடுங்கிவிடும். புல் பூத்து, விதை உதிர்ந்து, தரையில் அடுத்த தலைமுறைக்கு வித்து விழுந்த பிறகே அதைத் தொட வேண்டும். அப்போதும் தரையோடு மழிக்காமல் அரைச்சாண் உயரம் விட்டு அரிவாளால் அறுக்க வேண்டும்.

இங்கேதான் ஆறு ஆடு வைத்திருக்கும் அந்தத் தாய் நம் எதிரில் வந்து நிற்கிறாள். "ஒரு வருஷம் மேய்க்காதே என்று சொல்கிறீர்களே, என் ஆடு ஒரு வருஷம் பட்டினி கிடக்குமா?" என்று அவள் கேட்டால் நாம் என்ன விடை சொல்வது? அநேக ஊர்களில் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய மேய்ச்சல் நிலத் திட்டங்கள் இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லாததினாலேயே சீரழிந்தன. முள்வேலி போட்டு முழு நிலத்தையும் அடைத்துவிட்டால், அதன் கஷ்டம் முழுவதும் நிலமில்லாதவர் தலையில் விழுகிறது. இரவில் வேலி பிரிக்கப்படுகிறது. பிறகு, "ஜனங்களுக்கு ஒழுங்கு தெரியாது" என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள். பசிக்கிற ஆட்டுக்கு ஒழுங்கைப் போதித்தவர் உலகத்தில் எவரும் இல்லை.

ஆகவே நாம் சொல்லுகிற வழி இது. நிலத்தை மூன்று பங்காக்குங்கள். முதல் வருஷம் ஒரு பங்கை மாத்திரம் அடைத்து விதையுங்கள்; மற்ற இரண்டு பங்கில் மந்தை மேயட்டும். அடைத்த பங்கில் விதை உதிர்ந்த பின் அறுக்கிற புல்லை, அதுவரை மேய்ச்சலை விட்டுக் கொடுத்தவர்களுக்கே முதலில் பங்கிட்டுக் கொடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் புல்லை உலர்த்த முடியாது. மார்கழி தையில் பனி விலகின வெயிலில் அறுத்து, இரண்டு மூன்று நாள் புரட்டிப் போட்டுக் காயவைத்து, மழை படாத இடத்தில் போராகப் போட்டால் சித்திரை வைகாசிக்கு அதுவே தீவனம். இரண்டாம் வருஷம் முதல், விதைக்கென்று ஓர் ஓரத்தை நிறுத்திவிட்டு, மற்றப் புல்லைப் பூக்கும் தருணத்திலேயே அறுக்கலாம். சத்து அப்போதுதான் மிகுதி. அந்த வருஷம் இரண்டாம் பங்கையும், மூன்றாம் வருஷம் மூன்றாம் பங்கையும் விதைக்கலாம். மூன்று வருஷத்தில் நிலம் முழுவதும் புதுப் புல் பெற்றுவிடும். ஓர் ஆடும் பட்டினி கிடந்திராது. பிறகும் இந்த மூன்று பங்கு முறையை விட்டுவிடாமல், வருஷத்துக்கு ஒரு பங்குக்கு ஓய்வு கொடுத்து வந்தால் அதுவே நம் ஊர்க் கொரங்காடு ஆகிவிடும்.

சொந்த நிலம் வைத்திருப்பவருக்கு இதைச் செய்யத் தம் மனமே தடை. பொது நிலத்துக்கோ வேறொரு ஆபத்தும் உண்டு. புல் இல்லாத மேய்ச்சல் புறம்போக்கைக் கண்டால், 'சும்மா கிடக்கும் நிலம்' என்று ஆக்கிரமிக்க ஆள் வந்துவிடுகிறார்கள். கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை அப்புறப்படுத்தி நிலத்தை ஊருக்கே திருப்பித் தர வேண்டும் என்று 2011-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி, ஜக்பால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாகாணங்களுக்கும் உத்தரவிட்டது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆயினும் கோர்ட்டுக் காகிதத்தைக் காட்டிலும் வலுவான அத்தாட்சி ஒன்று உண்டு. ஊரார் வருஷந்தோறும் கூடி விதைத்து, அறுத்து, பங்கிட்டுக்கொள்ளும் நிலத்தைச் 'சும்மா கிடக்கிறது' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாக வகுத்தபோது, வயலுக்கு மருதம் என்று பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. ஆநிரை மேயும் காட்டுக்கு முல்லை என்று ஒரு தனிப் பெயர் கொடுத்தார்கள். மருதத்துக்கு உழவு எப்படியோ, முல்லைக்குக் காத்திருத்தல் அப்படி. இருத்தலே முல்லையின் உரிப்பொருள் என்று இலக்கணம் படித்தவர்கள் அறிவார்கள். தலைவன் வரும் வரையில் தலைவி பொறுத்திருப்பதைக் குறித்துப் புலவர்கள் அதைச் சொன்னார்கள். புல் நிலத்தை உடையவர்களும் அந்த உரிப்பொருளைச் சற்றுக் கடைப்பிடித்தால் நன்மை உண்டு.

இந்த ஆடி பிறப்பதற்கு முன்னால் நேயர்கள் தங்கள் ஊர்ப் புல் நிலத்தை ஒரு தரம் குறுக்கே நடந்து பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தூர்களை அவர்கள் எண்ணட்டும். டிராக்டருக்கு வாடகை பேசுவதை மட்டும் அந்தக் கணக்கு முடிகிற வரையில் தள்ளி வையுங்கள்.